எங்கள் பெயருக்கு எதிரே ‘லெகசி’ என்று எழுதியவர்களுக்கு

சென்னை மென்பொருள் சேவை நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கும் டெலிவரி பொறுப்பாளர்களுக்கும்,

கடந்த மாதம் நான் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஐபிஎம்மின் ஏஎஸ்/400 என்ற கணினித் தளத்திலும், மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கணினிகளிலும் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் திறன் பட்டியலில் இனி ‘லெகசி’, அதாவது பழைய தொழில்நுட்பம், என்ற ஒரே தலைப்பின் கீழ் வருவோம். அந்தத் தலைப்பில் இருப்பவர்களுக்கு 60 நாள் அவகாசம். அதற்குள் ஜாவா அல்லது கிளவுட் தேர்வு ஒன்றில் தேறி, வேறொரு புராஜெக்ட்டையும் நாங்களே தேடிக்கொள்ள வேண்டும். முடியாவிட்டால் ‘பரஸ்பர சம்மதத்துடன்’ பிரிய வேண்டும். என் குழுவில் 11 பேர். ஆறு பேருக்கு 15 வருடத்துக்கு மேல் அனுபவம். அதே நாள் மாலை எங்கள் காலண்டரில் இன்னொரு அழைப்பும் விழுந்தது. கிளையண்ட்டின் இன்சூரன்ஸ் பிரீமியம் கணக்கை ஜாவாவுக்கு மாற்றப்போகிற குழுவுக்கு நாங்கள் தினமும் இரண்டு மணி நேரம் கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்), அதாவது எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பு, கொடுக்க வேண்டுமாம், ரெக்கார்டிங்கோடு.

என் நிறுவனத்துக்கு மட்டும் சொல்ல வேண்டியதாக இருந்தால் உள்ளேயே சொல்லியிருப்பேன். ஓஎம்ஆரில் சிறுசேரி வரைக்கும் பல கட்டடங்களில் என் பழைய சகாக்கள் இருக்கிறார்கள். சொல்லும் வார்த்தையும் நாள் கணக்கும்தான் மாறுகின்றன, நடப்பது ஒன்றுதான். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், நான் இந்தத் தளத்துக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். 2003-இல் திருநெல்வேலியிலிருந்து வந்து வேலையில் சேர்ந்தேன். மூன்று மாதப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது சி++, ஜாவா. கடைசி நாள் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். 40 பேரில் எட்டுப் பேருக்கு ஏஎஸ்/400. அந்தப் பெயரையே அன்றுதான் முதல் தடவை கேள்விப்பட்டேன். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டபோது, “முதல்ல பில்லபிள் ஆகும்மா, ஒரு வருஷத்துல மாத்திடலாம்” என்றார் மேலாளர். கிளையண்ட்டிடம் பணம் வாங்கக்கூடிய ஆளாக முதலில் ஆகு என்று அர்த்தம். கையில் இரண்டு வருடம் விலகமாட்டேன் என்ற பாண்ட். ஒரு வருடம் கழித்துக் கேட்டேன், கிளையண்ட் விடமாட்டேன் என்கிறார்கள் என்றார்கள். 2008, 2011, 2016 அப்ரைசல்களில் எழுத்திலேயே கேட்டேன். மூன்று தடவையும் என் படிவத்தில் ‘கிரிட்டிக்கல் ரிசோர்ஸ்’ என்று எழுதி மூடினார்கள். அந்தப் படிவங்களின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று, இடம் மாற்ற முடியாத அளவுக்கு நான் முக்கியம் என்றீர்கள். இன்று அதே ஆளை எங்கேயும் மாற்ற முடியாது என்கிறீர்கள். இரண்டையும் எழுதியது ஒரே துறை.

இந்தத் தளத்தைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்தது அந்தப் பச்சை எழுத்துத் திரை மட்டும்தான் என்று நினைக்கிறேன். ஐபிஎம் நிறுவனம் 1988 ஜூனில் அறிமுகப்படுத்திய இயந்திரம் இது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராசெஸ்டர் என்ற ஊரில் உருவானது. டேட்டாபேஸ் இதில் இயங்குதளத்துக்குள்ளேயே இருக்கிறது, தனியாக வாங்கிப் பொருத்துவதில்லை. யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்ற பாதுகாப்பு, வரிசையில் நிற்கும் ஜாப்கள், பிரிண்டுக்குப் போகும் ஸ்பூல், ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் ஜர்னல், பேக்கப் எல்லாம் அதிலேயே. சரி, அதனால் என்ன? மற்ற தளங்களில் இவை ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் இருக்கிறார், தனிப் பதவி இருக்கிறது, தனிச் சான்றிதழ் இருக்கிறது. டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ ஒருவர், சிஸ்டம் அட்மின் ஒருவர், ரிலீஸ் பார்ப்பவர் ஒருவர். எங்கள் குழுவில் இத்தனையையும் ஒரே ஆள் செய்வார். ஆனால் ரெஸ்யூமேயில் எழுத அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு சொல்தான். உங்கள் வடிகட்டி மென்பொருள் சொற்களை எண்ணுகிறது. பத்து வேலை செய்தவரிடம் ஒரு சொல் இருக்கிறது, ஒரு வேலை செய்தவரிடம் பத்துச் சொல் இருக்கிறது. யார் உள்ளே போவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. அந்த இயந்திரத்தின் பெயர் ஐசீரிஸ் ஆனது, சிஸ்டம் ஐ ஆனது, 2008 முதல் இயங்குதளத்தின் பெயர் ஐபிஎம் ஐ. அதன் 7.6 பதிப்பு 2025-இல் வெளிவந்தது. நாங்கள் இன்னும் ஏஎஸ்/400 என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாங்கள் புரோகிராம் எழுதும் ஆர்பிஜி மொழியும் அப்படித்தான். 1959-இல் துளை அட்டைக் காலத்தில் பிறந்தது உண்மை. வரியின் ஆறாவது இடத்தில் ‘சி’ என்று அடித்துவிட்டு இன்ன இடத்தில் இன்னதுதான் வர வேண்டும் என்று கட்டம் கட்டி எழுதியதும் உண்மை. ஆனால் 2001-லிருந்தே கணக்கீட்டு வரிகளைக் கட்டமில்லாமல் எழுதலாம், இப்போது முழு புரோகிராமையும் அப்படி எழுதலாம். அதற்குள்ளேயே எஸ்க்யூஎல் எழுதுகிறோம், வெப் சர்வீஸ் கொடுக்கிறோம். அதே இயந்திரத்தில் பைத்தானும் நோட் ஜேஎஸ்ஸும் ஓடுகின்றன. நான் மூன்று வருடமாகப் பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதுகிறேன். திறன் பட்டியலில் அதைச் சேர்க்கப் போனால், ‘புராஜெக்ட் டெக்னாலஜியோடு பொருந்தவில்லை’ என்று கணினி திருப்பி அனுப்புகிறது.

ஒரு ராத்திரியைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் வேலை என்ன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி என்னிடம் இல்லை.

மாதக் கடைசி, ராத்திரி 2:40. பணியில் இருந்த பையனுக்கு வேலையில் சேர்ந்து ஏழு மாதம். போனில் கூப்பிட்டான். “அக்கா, பிரீமியம் போஸ்டிங் ஜாப் மெசேஜ் வெயிட்ல நிக்குது. டெசிமல் டேட்டா எரர். சி, ஜி, டி, எஃப் கேக்குது. ஜி குடுத்துடட்டுமா? போன தடவை வேற ஜாப்ல ஜி குடுத்தப்ப ஓடிருச்சு.”

“வேணாம்ப்பா. எதையும் தொடாதே, வர்றேன்” என்றேன்.

ஜாப் இப்படி நின்றால், அடுத்து என்ன செய்வது என்று இயந்திரம் கேட்கும், நாம் ஓர் எழுத்தைப் பதிலாகக் கொடுக்க வேண்டும். ஜி கொடுத்திருந்தால் ஓடியிருக்கும். அந்தப் புரோகிராமில் ஜி என்றால், உடைந்த ரெக்கார்டை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள் என்று அர்த்தம். உடைந்த ரெக்கார்டு என்பது யாரோ ஒருவர் கட்டிய பணம். வங்கியிலிருந்து வந்த கோப்பில் தொகை இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. தாண்டிப் போயிருந்தால் ஜாப் பச்சையாக முடிந்திருக்கும், காலை ரிப்போர்ட்டும் போயிருக்கும். பணம் கட்டிய மனிதருக்கு, நீங்கள் பணம் கட்டவில்லை, பாலிசி காலாவதியாகிறது என்று கடிதம் போயிருக்கும். நான் லாகின் செய்து, எந்த ரெக்கார்டு வரைக்கும் கமிட், அதாவது நிரந்தரப் பதிவு, ஆகியிருக்கிறது என்று பார்த்தேன். வங்கிக் கோப்பின் மொத்தத் தொகையோடு ஒப்பிட்டேன். வங்கித் தரப்பில் ஆளைப் பிடித்துச் சரியான தொகையை எழுத்தில் வாங்கினேன். அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஜாப்பைத் தொடங்கினேன். முடியும்போது மணி 4:15.

இந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆர்பிஜி தெரிந்ததால் செய்தது எவ்வளவு? மூன்று வரி படித்தது. மிச்சமெல்லாம் எந்தத் தளத்திலும் செல்லும். இன்று மெசேஜ்களைக் கடத்தும் காஃப்கா என்ற மென்பொருளில் ஒரு மெசேஜ் உடைந்து வந்தால், தாண்டிப் போவதா, ஒதுக்கி வைப்பதா, எல்லாவற்றையும் நிறுத்துவதா என்று உட்கார்ந்து யோசிக்கிறார்களே, அது இதே கேள்விதான். எங்கள் டேட்டா க்யூவும் ஜர்னலும் கமிட்மென்ட் கண்ட்ரோலும் வேறு பெயர்களில் எல்லா இடத்திலும் இருக்கின்றன. கோப்பின் வடிவம் மாறி, புரோகிராம் பழைய வடிவத்தை நம்பி நின்றால் எங்களுக்கு ‘லெவல் செக்’ வரும். சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரித்து எழுதும் மைக்ரோசர்வீஸ் குழுக்கள், ஸ்கீமா, அதாவது டேட்டாவின் வடிவம், மாறிவிட்டது என்று தவிப்பதைப் பார்க்கும்போது எனக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை.

எல்லாமே அப்படியே இடம் மாறும் என்று நான் சொல்லவரவில்லை. கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் எங்களுக்குப் பழக்கமில்லை. தானியங்கி டெஸ்ட் எழுதும் வழக்கம் எங்கள் குழுவில் இருந்ததே இல்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருந்து பழகியதால், நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் சர்வீஸ் பதில் சொல்லாமலே போகலாம் என்று முன்கூட்டியே யோசித்து எழுத எங்களுக்குப் பயிற்சி வேண்டும். இதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் இவை ஆறு மாதம் உண்மையான புராஜெக்ட்டில் உட்கார்ந்தால் வந்துவிடும் பழக்கங்கள். ஜியை அழுத்தக்கூடாது என்று தெரிய எனக்குப் பல மாதக் கடைசிகள் ஆயின.

ஏஎஸ்/400-க்கு முன்னோடியாக 1978-இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம்/38 என்ற இயந்திரத்துக்காக, ஐபிஎம்மின் ஃபிராங்க் சோல்டிஸும் அவருடைய சகாக்களும் ஒரு முடிவு எடுத்தார்கள். புரோகிராம் நேரடியாகச் சிப்போடு பேசக்கூடாது, நடுவில் ஓர் அடுக்கு இருக்க வேண்டும், நாளைக்குச் சிப் மாறினாலும் புரோகிராம் பிழைக்க வேண்டும். அந்த அடுக்கை ஏஎஸ்/400-உம் எடுத்துக்கொண்டது. 1995-இல் உண்மையிலேயே சிப் மாறியது. 48 பிட்டிலிருந்து 64 பிட் பவர்பிசிக்குப் போனார்கள். மறுபடி மொழிபெயர்ப்பதற்கான தகவலை அழிக்காமல் வைத்திருந்த புரோகிராம்களை, முதலில் எழுதிய வரிகள் (சோர்ஸ்) கூட இல்லாமல், இயந்திரமே புதிய சிப்புக்கு மாற்றிக்கொண்டது. கிளையண்ட்டுகள் எழுதிய புரோகிராம் வீணாகக் கூடாது என்று 17 வருடம் முன்னாலேயே யோசித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் புரோகிராமை எழுதிய, பார்த்துக்கொள்கிற மனிதர்களுக்காக யாராவது அப்படி ஓர் அடுக்கு வைத்தார்களா? அது ஐபிஎம்மின் வேலை இல்லை. எங்களை அந்த இயந்திரத்தின் முன் உட்கார வைத்தது நீங்கள். அந்த அடுக்கை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

இப்போது நடக்கும் கேடிக்கு வருகிறேன். இரண்டாவது வாரத்தில் ஜாவா குழு ஒரு மாட்யூலை எழுதிக் காட்டியது. வருடப் பிரீமியத்தை 12 தவணையாகப் பிரிக்கும் பகுதி. 500 டாலரை 12-ஆல் வகுத்தால் 41.6666 என்று போகும். அவர்கள் முறையாக முழுமையாக்கி 41.67 என்று வைத்திருந்தார்கள். படித்தவர் எவரும் அப்படித்தான் செய்வார். ஆனால் 41.67-ஐ 12-ஆல் பெருக்கினால் 500.04. பாலிசியில் எழுதியிருப்பதைவிட நாலு சென்ட் கூடுதலாக வசூல். பழைய ஆர்பிஜி வரியில் முழுமையாக்கச் சொல்லும் ‘ஹெச்’ வேண்டுமென்றே இல்லை. அது இல்லாவிட்டால் ஆர்பிஜி மிச்சத்தை வெட்டிவிடும். 41.66 வரும், 12 தவணைக்கு 499.92. மீதி எட்டு சென்ட்டை முதல் தவணையில் சேர்த்து 41.74 வாங்குவார்கள், கணக்கு சரியாக 500-இல் நிற்கும். அடுத்த வரியிலேயே ஏஜெண்ட் கமிஷனுக்கு ‘ஹெச்’ இருக்கிறது, ஏனென்றால் அந்த ஒப்பந்தம் முழுமையாக்கச் சொல்கிறது. இது எந்த ஆவணத்திலும் இல்லை. 2006-இல் ஒரு தணிக்கையில் மாட்டிக்கொண்ட பிறகு நாங்கள்தான் அந்த ஒற்றை எழுத்தை எடுத்தோம்.

நான் இதைச் சொன்னதும் அந்தக் குழுவின் லீட் நிஜமாகவே நன்றி சொன்னார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் குறிப்பில் அது ‘கேடி இன்புட்’ என்று பதிவானது. ஜாவா மாட்யூலின் வடிவமைப்பில் நான் செய்த வேலையாக அது எங்கும் பதிவாகவில்லை. அதைப் பதிவு செய்திருந்தால் 60 நாள் பட்டியலில் என் பெயருக்கு எதிரே எழுத ஏதோ ஒன்று இருந்திருக்கும். கேடி கொடுக்கும் ஆள் வெளியே போகிறவர், வாங்கும் ஆள் உள்ளே இருப்பவர் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், எவ்வளவு ரெக்கார்டிங் எடுத்தாலும் இந்த மாதிரி நூறு விஷயம் விட்டுப்போகும். கேட்கத் தெரியாத கேள்விக்கு ரெக்கார்டிங்கில் பதில் இருக்காது.

வெளியில் நடந்ததையும் பாருங்கள். 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஆளுநர் ஃபில் மர்ஃபி கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். கோபோலும் 1959-இல் தொடங்கியதுதான். பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு மாறியபோது, சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் போனார்கள். 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4.86 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம். பழைய ஆட்களை அனுப்பியதால்தான் அது நடந்தது என்று நான் சொல்லமாட்டேன், திட்டத்தை நடத்திய விதத்திலேயே பல குறைகள் இருந்தன. ஆனால் தளம் மாறுவது எவ்வளவு ஆபத்தான வேலை என்பதற்கு அது போதுமான சாட்சி. அந்த ஆபத்தான நேரத்தில்தான் வீட்டின் வழி தெரிந்தவர்களை நீங்கள் வாசலில் நிறுத்துகிறீர்கள்.

வெளியில் வேலை தேடவில்லையா என்று கேட்பீர்கள். தேடினேன். போன வருடம் ஒரு நிறுவனத்தில் கிளெய்ம் செட்டில்மென்ட் அமைப்பு ஒன்றைப் புதிதாகக் கட்டும் வேலை. நான் 20 வருடமாகச் செய்கிற தொழில் அது. முதல் போன் பேச்சு ஆறு நிமிடம். ஜாவா எத்தனை வருடம், ஸ்பிரிங் பூட் எத்தனை வருடம், ஏடபிள்யூஎஸ் எத்தனை வருடம் என்று மூன்று கேள்வி. கிளெய்ம் என்றால் என்ன என்று ஒரு கேள்விகூட இல்லை. ஒரே கிளெய்மை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். போனில் கேட்ட பெண்மேல் குறையில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் மூன்று கட்டம்தான் இருந்திருக்கும்.

என்னை அதிகமாக உறுத்துவது அந்த 2:40 பையன். கல்லூரியில் பைத்தானில் நல்ல புராஜெக்ட் செய்துவிட்டு வந்தவன். அவனையும் பட்டியல் ஒட்டித்தான் இங்கே அனுப்பினார்கள். ‘லெகசி’ தலைப்பில் அவன் பெயரும் இருக்கிறது, 24 வயதில். ஒன்றரை வருடம் முன்னால் அவனை இதில் போட்டவர்களுக்கு இந்தத் திட்டம் தெரியாதா? தெரிந்திருந்தால் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

60 நாள் கெடுவைத் திரும்பப் பெறுங்கள். மாற்றம் தேவை என்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. குறைந்தது ஆறு மாதம், சம்பளத்தோடு, கிளையண்ட் வேலையாக உண்மையான புராஜெக்ட்டில் எங்களை உட்கார வையுங்கள். ராத்திரி கூப்பிட்டால் வர வேண்டிய ஆன்கால் வேலையை முடித்துவிட்டு வீடியோ பார்த்துத் தேர்வு எழுதச் சொல்வதைப் பயிற்சி என்று கணக்கில் எழுதாதீர்கள்.

திறன் பட்டியலிலிருந்து ‘லெகசி’ என்ற தலைப்பை எடுத்துவிடுங்கள். தளத்தின் பெயரோடு செய்த வேலையையும் பதிவு செய்ய இடம் கொடுங்கள்: டேட்டாபேஸ் வடிவமைப்பு, பேட்ச், டிரான்ஸாக்‌ஷன், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு, புரொடக்‌ஷன் சப்போர்ட், இன்சூரன்ஸ், வங்கி. புராஜெக்ட்டோடு பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பும் அந்த விதியை நீக்குங்கள்.

தளம் மாற்றும் ஒவ்வொரு புராஜெக்ட்டிலும், பழைய தளத்தில் வேலை செய்தவர்களைப் புதிய குழுவின் உறுப்பினர்களாகச் சேருங்கள். வடிவமைப்பில் கையெழுத்துப் போடும் உரிமையோடும், கோட் எழுதும் வேலையோடும். பக்கத்தில் ஒரு ஜாவா புரோகிராமர் உட்காரட்டும். நான் அவருக்கு ‘ஹெச்’ ஏன் இல்லை என்று சொல்கிறேன், அவர் எனக்கு டெஸ்ட் எழுதக் கற்றுக்கொடுக்கட்டும்.

ஆள் எடுக்கும்போது எத்தனை வருடம் என்ற கேள்விக்கு முன்னால் ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போதும். உடைந்த கோப்பு ஒன்றைக் கொடுங்கள், என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

புதிதாக வருகிறவர்களை மெயின்ஃப்ரேமிலோ ஐபிஎம் ஐ-யிலோ போடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், சம்மதம் கேளுங்கள். மூன்று வருடம் முடிந்ததும், விரும்பினால் வேறு தளத்துக்கு மாறலாம் என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதிக்கொடுங்கள். ‘கிரிட்டிக்கல் ரிசோர்ஸ்’ என்று சொல்லி அதை மறுப்பதாக இருந்தால், மறுத்தவர் பெயரும் காரணமும் படிவத்தில் இருக்கட்டும்.

60 நாளில் 23 நாள் போய்விட்டது. நாளை மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல் கேடிக்கு வருவேன், பாக்கி இருக்கிற விதிகளையும் சொல்லிக்கொடுப்பேன். அந்தக் கிளையண்ட்டின் வாடிக்கையாளர்களுக்கு நான் பட்ட கடமை அது. உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை 45-ஆவது நாளுக்குள் எங்கள் 11 பேருக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஏஎஸ்/400 புரோகிராமர்
சோழிங்கநல்லூர், சென்னை